மாத்திரை மட்டும் போதுமா?



மழை தொடங்கினால் எங்கள் முகாமுக்கு மருத்துவக் குழு வருகிறது. காய்ச்சல் உள்ளவர்களைக் கணக்கெடுத்து, மாத்திரையும் நிலவேம்புக் குடிநீரும் தருகிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் அதே ஆட்களுக்கு, அதே நோய் ஆண்டுதோறும் ஏன் வருகிறது என்று கேட்பார் இல்லை.

நான் தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த செவிலியர். பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வரிசையில் ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பத்து அடி அறை. சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். நடுவே ஒரு பழைய சேலைதான் தடுப்பு. சன்னல் கிடையாது. வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்றவர்களும் அந்தக் காற்றைத்தான் இரவெல்லாம் சுவாசிக்க வேண்டும். ஒரு குழந்தைக்குச் சிரங்கு வந்தால் பாயில் படுக்கும் அத்தனை பேருக்கும் வந்துவிடும்.

குழாயில் நாள் விட்டு நாள்தான் தண்ணீர். அதனால் வாசல்தோறும் டிரம். டெங்குவைப் பரப்பும் கொசு இப்படிச் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மூடி வைக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். தினமும் தண்ணீர் வந்தால் டிரம்மே வேண்டாமே!

பொதுக் கழிப்பறை வரிசைக்குப் பின்னால், விளக்கில்லாத இடத்தில் இருக்கிறது. இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருட்டியபின் அங்கே போகப் பயந்து, பெண்கள் பொழுது சாயும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நீர்க்கடுப்பு என்று வருபவர்களிடம் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சாக்கடை அடைப்பைப் பற்றி ஊராட்சியில் சொன்னால், முகாம் மறுவாழ்வுத் துறையைச் சேர்ந்தது என்கிறார்கள். முகாம் அதிகாரியிடம் சொன்னால், மதிப்பீடு மேலே போயிருக்கிறது என்கிறார். சுகாதாரத் துறையோ சாக்கடை தன் வேலை இல்லை என்கிறது. எங்களுக்கு ஓட்டு இல்லாததால் வார்டு உறுப்பினரும் எட்டிப் பார்ப்பதில்லை. மூன்று அலுவலகங்களுக்கு நடுவில் அந்தக் கழிவுநீர் அப்படியே கிடக்கிறது.

இலங்கையிலிருந்து 1983 முதல் வந்தவர்களும் அவர்களது பிள்ளை, பேரப்பிள்ளைகளுமாக ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். 2021 ஆகஸ்டில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வேலூர் மாவட்டம் மேல்மொணவூர் போன்ற இடங்களில் புது வீடுகள் எழும்பியும் விட்டன. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எங்களை மட்டும் தற்காலிகத்திலேயே வைத்திருப்பது என்ன நியாயம்? நாற்பது ஆண்டு ஒரு தற்காலிகமா?

அரசிடம் கேட்பது மூன்றுதான். மீதமுள்ள வீடுகள் எந்த முகாமில் எப்போது முடியும் என்று பட்டியல் வெளியிடுங்கள். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, கொசு ஒழிப்பு ஆகியவற்றை அந்தந்த உள்ளாட்சியின் பொறுப்பு என்று அரசாணை போடுங்கள். முகாமில் காய்ச்சல் கணக்கெடுக்கும் மருத்துவ அலுவலர் தண்ணீரையும் கழிப்பறையையும் பார்வையிட்டு அறிக்கை தரவும், அதன்மேல் மாவட்ட ஆட்சியர் நடவடிக்கை எடுக்கவும் வழி செய்யுங்கள். இவை மூன்றும் நடக்காதவரை என்னைப் போன்ற செவிலியர்கள் கொடுக்கும் மாத்திரைக்குப் பலன் இல்லை.

இப்படிக்கு,
முகாம்வாழ் செவிலியர் ஒருவர்