நம்பப்படுகிறது!

மருந்துப் புட்டியோடு வரும் விளக்கத்தாளை எவர் படிக்கிறார்? படித்தாலும், ஒரு சொல்லின்மீது விரல் வைத்து, "இதற்குச் சான்று என்ன?" என்று கேட்பவர் எத்தனை பேர்? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் கேளாததால் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் சுடுகாடாயிற்று. அந்த ஒரு சொல், 'நம்பப்படுகிறது' என்பது!

ஆம், தோழர்களே! 1995-ம் ஆண்டின் இறுதியில் ஆக்சிகாண்டின் என்ற வலிநீக்கும் மாத்திரைக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை ஒப்புதல் அளித்தது. அபினின் வழிவந்த மருந்து அது. மெல்லக் கரைவதால், போதைக்காக இதனை நாடுவது குறையும் என்று 'நம்பப்படுகிறது' என எழுதிக்கொள்ள இசைவும் தரப்பட்டது. ஆராய்ந்து கண்டது என்றல்ல, மெய்ப்பிக்கப்பட்டது என்றல்ல, நம்பப்படுகிறதாம்! மாத்திரையை நசுக்கினால், பன்னிரண்டு மணி நேரத்து மருந்தும் ஒரே மூச்சில் உடலேறும் என்பதைக் கண்டறியத் தெருமுனை இளைஞனுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஒப்புதலை மேற்பார்த்த அலுவலரோ, சில ஆண்டுகளில், அம்மாத்திரையைச் செய்த பர்டியூ பார்மா நிறுவனத்திலேயே பணியில் அமர்ந்தார்!

நம்பிக்கை பிறந்தால் அதற்கொரு வேதமும் வேண்டுமன்றோ? 1980-ல் மருத்துவ இதழொன்றில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம் வேதமாயிற்று. இத்தகைய மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வரே அடிமையாயினர் என்றது அது. மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில் மருந்துண்டவர் கணக்கு அது. வீட்டிலே மாதக்கணக்கில் விழுங்கியவர் கணக்கன்று. எனினும் அறுநூறுக்கு மேற்பட்ட கட்டுரைகள் அதனை எடுத்தாண்டன; அவற்றுள் பெரும்பாலானவை ஆராயாமலே ஆமோதித்தன. விற்பனையோ 1996-ல் 4.8 கோடி டாலர். 2000-ல் ஏறத்தாழ 110 கோடி டாலர்!

மேற்கு வர்ஜீனியா, நிலக்கரிச் சுரங்கங்களின் நாடு. பாறையிடையே முதுகு நொறுங்கிய தொழிலாளி வலி தீர வழி கேட்டான். வணிகம் அவன் கையில் மாத்திரையைத் திணித்தது. ஒரு நிறுவனத்தின் மாத்திரை திறந்த வழியில் ஒத்த சரக்குகள் பலவும் புகுந்தன. 2007 முதல் 2012 வரை, ஆறே ஆண்டுகளில், 78 கோடி மாத்திரைகளை மொத்த வணிகர்கள் அங்கே அனுப்பினர். மக்கள்தொகையோ ஏறக்குறைய 18 லட்சம்! கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் நானூறுக்கு மேல்! நானூறு பேர் வாழும் கெர்மிட் என்ற சிற்றூரில், ஒரே மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டுகளில் சுமார் 90 லட்சம் மாத்திரைகள். இருளில் வந்தனவா இவை? இல்லை. பட்டப்பகலில், பட்டியலோடும் பற்றுச்சீட்டோடும் வந்தன. ஐயத்துக்குரிய கொள்முதலை அரசுக்கு அறிவிப்பது மொத்த வணிகரின் சட்டக் கடமை. கடமை உறங்கிற்று, கல்லாப்பெட்டி விழித்திருந்தது.

பழி எவர்மீது விழுந்தது? மருந்துக்கு அடிமையானோரே குற்றவாளிகள், அவர்களையே சாட வேண்டும் என்று 2001-ல் மின்னஞ்சலில் எழுதினார் பர்டியூவின் தலைவர் ரிச்சர்டு சாக்லர். தாழ்த்தி வைத்தவனே, 'உன் தலைவிதி' என்று தாழ்ந்தவனிடம் சொன்ன குரலை நாம் அறியோமா? அதே குரல்தான் இது! 2007-ல் பர்டியூவின் துணை நிறுவனமும் மூன்று உயர் அலுவலரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்; சுமார் 60 கோடி டாலர் தண்டம் கட்டினர்; ஒருவரும் சிறை செல்லவில்லை. 2020-ல் பர்டியூ மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஒரு பொட்டலம் விற்ற ஏழைக்கு விலங்கு. கோடிக்கணக்கில் விற்றவனுக்கு ரசீது!

கள்ளக்கடத்தல்காரன் பிறகுதான் வந்தான். 2010-ல் மாத்திரை நசுங்காதபடி மாற்றப்பட்டது. அடிமையானவர் பலர் ஹெராயினுக்கு ஓடினர். பின்னர் அதனினும் சுமார் ஐம்பது மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் வந்தது. 2021-ல் அமெரிக்கா முழுவதும் மருந்து மிகுதியால் மாண்டவர் ஒரு லட்சத்துக்கு மேல். கடத்தல்காரனை நாம் காக்கவில்லை. அவனுக்குக் கதவு திறந்தவனையும் கூண்டிலேற்றுக என்கிறோம்.

"மருத்துவத்தையே நம்பாதே என்கிறீரா?" என்று கேட்பர். இல்லை. புற்றுநோயாளியின் வேதனை தணிக்கும் அபின் மருந்து அறிவின் கொடை. அடிமைப்பட்டோரை மீட்க உதவும் மெதடோனும் அறிவின் கொடையே. இந்தக் கொடுமையை வெளிச்சமிட்டதும் அறிவுதான். 78 கோடி என்ற கணக்கை மறைக்க முயன்றவர்களோடு நீதிமன்றத்தில் மோதி, 2016-ல் வெளியிட்டது உள்ளூர் நாளேடு ஒன்று. எரிக் ஐர் என்ற அச்செய்தியாளருக்கு 2017-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவர் எதையும் நம்பவில்லை; எண்ணிப் பார்த்தார்!

பள்ளியில் எண்ணும் எழுத்தும் கற்பிக்கிறோம் நாம். பெற்றோரைப் போதைக்குப் பறிகொடுத்து, பாட்டன் பாட்டியரிடம் வளரும் அம்மாநிலத்துப் பிள்ளைகளை எண்ணும்போது நம் நெஞ்சு பதறுகிறது. அவர்களின் பெற்றோரைக் கொன்றது மாத்திரை மட்டுமன்று. முத்திரையைக் கண்டதும் வாய்மூடிய வழக்கமுமாகும். திருநீறு பூசி வந்தாலென்ன, வெள்ளை அங்கி அணிந்து வந்தாலென்ன, அரசு முத்திரை தாங்கி வந்தாலென்ன? 'நம்பப்படுகிறது' என்று எவன் சொன்னாலும், இளைஞனே, எழுந்து நின்று கேள்: "யார் நம்பினார்? எதனால் நம்பினார்? நம்பியதால் எவன் பை நிறைந்தது?"