தாயில்லாப் பெண்ணுக்குத் தோழி வேண்டும்!

“தாய் செத்தால் தகப்பன் சிற்றப்பன்” என்று ஒரு பழமொழி உண்டு. தாய் போய்விட்டால், பெற்ற தகப்பனும் ஒட்டாமல் விலகிவிடுவான் என்பது அதன் பொருள்.

இது எல்லாத் தகப்பனுக்கும் பொருந்துமா? பொருந்தாது. மனைவியை இழந்த பிறகு, பெண் குழந்தைகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கும் தகப்பன்மார் எத்தனையோ பேர். சோறு போடுகிறார்கள், துணி எடுக்கிறார்கள், தலை வாரிப் பின்னிவிடவும் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு தோழி வேண்டும்!

மலையில் என்ன சிரமம்?

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. இங்கே மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமை விதைக்கிறார்கள்; ஆடு மாடு வளர்க்கிறார்கள்; தேனும் புளியும் சேகரிக்கிறார்கள். ஊர்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பவை. ஓர் ஊரில் ஒரே வயதுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் இருந்தாலே அதிகம்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் இறந்துவிட்டால் என்ன நடக்கும்? அவள் செய்த வேலையெல்லாம் மூத்த பெண்ணின் தலையில் வந்து விழும். தண்ணீர்க் குடம் அவள் இடுப்பில். தம்பி தங்கை அவள் தோளில். அடுப்பும் அவள் பொறுப்பு. மற்றப் பெண்கள் சாயங்காலம் ஒன்றுகூடிப் பேசிச் சிரிக்கும்போது, இவள் மட்டும் வீட்டில் புகையோடு போராடுவாள். முதலில் விளையாட்டு போகும். அடுத்துத் தோழிகள் போவார்கள். கடைசியில் பள்ளிக்கூடமும் போய்விடும்.

தகப்பனுக்கும் கஷ்டம்தான். மலையில் வேலை இல்லாத மாதங்களில் கூலிக்காகக் கீழே இறங்க வேண்டும். வெளியூர் போனால் பெண்களை யார் பார்ப்பது? போகாவிட்டால் அரிசிக்கு என்ன செய்வது? இந்த இரண்டுக்கும் நடுவே அவன் தவிக்கிறான். “காலாகாலத்தில் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடு, பாரம் இறங்கும்” என்று உறவினர்கள் புத்தி சொல்கிறார்கள். பதினாலு, பதினைந்து வயதில் அவள் கழுத்தில் தாலி ஏறுகிறது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்கு மணம் முடிப்பது, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் வந்து சேருமுன் மேளம் கொட்டிவிடுகிறது!

ராஜாஜி வளர்த்த பெண்கள்

சேலத்தில் ராஜாஜி வக்கீலாக இருந்தபோது அவருடைய மனைவி அலமேலு மங்கம்மாள் காலமானார். மூன்று ஆண் குழந்தைகள். நாமகிரி, லட்சுமி என்று இரண்டு பெண்கள். கடைசிப் பெண் லட்சுமி அப்போது பள்ளிக்குப் போகும் வயதுகூட ஆகாத குழந்தை. ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். லட்சுமியையும் அங்கே அழைத்துப்போனார். பல ஜாதியினரும் சேர்ந்து வாழ்ந்த இடம் அது. நாலு சுவருக்குள் அடைத்துவைக்காமல், நாலு பேரோடு பழகி வளரட்டும் என்று விட்டார். பின்னாளில் காந்தியின் மகன் தேவதாஸும் லட்சுமியும் மணந்துகொள்ள விரும்பினார்கள். ஜாதி வேறு. இரண்டு தகப்பனாரும் கோபிக்கவில்லை. சில ஆண்டுகள் காத்திருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். காத்திருந்தும் மனம் மாறவில்லை. 1933இல் புனாவில் திருமணம் நடந்தது.

ராஜாஜி வக்கீல், வசதியுள்ளவர். கூலிக்காரத் தகப்பனுக்கு அது முடியுமா என்று கேட்கலாம். ஆசிரமம் கட்ட வேண்டியதில்லை. பெண்ணை வெளியே பழகவிடவும், அவள் சொல்லை நம்பவும் காசு தேவையில்லையே!

தகப்பன் செய்ய வேண்டியது

முதல் காரியம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தகப்பன் தூக்கட்டும். உலையை அவன் வைக்கட்டும். ஆண்பிள்ளைக்கு இதில் என்ன குறைச்சல்? அந்த ஒரு மணி நேரம்தான் பெண்ணுக்குத் தோழியைத் தேடித் தரும்.

இரண்டாவது, ஒரு சங்கடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெண் துணை இல்லாத வீட்டுக்குத் தங்கள் மகளை அனுப்பப் பிற தாய்மார் தயங்குவார்கள். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. தகப்பனே தன் பெண்ணைத் தோழி வீட்டில் கொண்டுபோய் விடட்டும். தோழியின் தாயிடம் நேரில் பேசட்டும். தன் வீட்டுக்குத் தோழிகள் வந்தால், எல்லாரும் பார்க்கத் திண்ணையில் உட்காரட்டும். அத்தையோ பாட்டியோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, பெண் வயதுக்கு வரும் காலம். தகப்பனிடம் சொல்லக் கூசும் விஷயங்கள் அவளுக்கு இருக்கும். அத்தையிடமோ, ஆசிரியையிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ தகப்பன் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

“பெண் பிள்ளையை வெளியே விட்டால் காவல் யார்?” என்பது பல தகப்பன்மாரின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் யோசிக்க வேண்டும். யாராவது ஒருவன் தப்பாக நடந்தால் அந்தப் பெண் முதலில் யாரிடம் சொல்வாள்? தோழியிடம்தான். தோழியே இல்லாதவள் யாரிடம் சொல்வாள்? பூட்டைவிட நல்ல காவல் தோழிதான்!

பள்ளிக்கூடம் என்னும் சந்தை

பொருள் வாங்கச் சந்தைக்குப் போவதுபோல, சிநேகம் தேடப் பள்ளிக்கூடம் போக வேண்டும். மலையின் பல ஊர்ப் பெண்களும் ஒன்றுகூடும் இடம் அதுதான். அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இந்த மலையில் இருக்கின்றன. தங்கிப் படிக்கலாம், சாப்பாடும் உண்டு. கூலிக்கு வெளியூர் போகும் தகப்பனுக்கு இது பெரிய உதவி. ஆனால் சேர்த்துவிட்டதோடு கடமை தீர்ந்ததென்று இருக்கக்கூடாது. அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். அவளுடைய தோழிகளின் பெயர் தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படித்தால் மலைப் பெண் எங்கே போவாள் என்பதற்கும் சாட்சி உண்டு. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, 2023இல் குழந்தை பெற்ற இரண்டாம் நாள் சென்னை சென்று தேர்வு எழுதினார். 2024இல் சிவில் நீதிபதியாகத் தேர்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. கணவர் துணை நின்றார். வீட்டு ஆண் துணை நின்றால் பெண் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

ஊருக்கும் ஒரு வார்த்தை. தாயில்லாப் பெண்ணைப் பார்த்து “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதற்குப் பதிலாக, “நீயும் வாம்மா, என் மகளோடு விளையாடு” என்று அண்டை வீட்டுத் தாய் ஒருத்தி அழைத்தால் போதும். அந்தப் பழமொழியைப் பொய்யாக்கும் வேலை தகப்பன் கையில் பாதி. ஊர் கையில் பாதி.