உள்ளேன் ஐயா!

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

'உலாவி' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது, இரவுச் சாப்பாடு செரிப்பதற்காகத் தெருவில் மேலும் கீழும் நடக்கும் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தாதான் என் நினைவுக்கு வந்தார். அவரும் உலாவிதான். ஆனால் அவர் பார்க்கும் வீட்டைத்தான் அவருடன் நடக்கும் மற்றவர்களும் பார்ப்பார்கள். கணினி உலாவி அப்படியன்று. ஒரே இணையப் பக்கம் ஓர் உலாவியில் மாளிகையாகவும் இன்னோர் உலாவியில் குட்டிச்சுவராகவும் காட்சி தரும். இந்த விந்தையால் எங்கள் வீட்டில் ஒருநாள் கூலி போயிற்று. அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததே இக்கட்டுரை. இயற்பியல் மாணவிக்கு இங்கென்ன வேலை என்று கணினி அறிவியல் துறைப் பேராசிரியப் பெருமக்கள் சினவாமல் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நடந்தது இதுதான். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாள். (கடைசி நாள்வரை ஏன் காத்திருந்தாய் என்று கேட்பவர்கள் வருமானச் சான்றிதழுக்கு அலைந்திராத பாக்கியவான்கள்.) என்னிடம் இருப்பது, பெரியம்மா மகள் பிளஸ் டூ படித்தபோது 2012-இல் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி. பேட்டரி எப்போதோ உயிர்நீத்துவிட்டதால் மின்சாரம் போனால் அதுவும் கூடவே போய்விடும். உள்ளேயிருக்கும் விசிறி சுற்றினால் பக்கத்தில் ரைஸ்மில் ஓடுவதுபோலிருக்கும். அதில் முதலில் இருந்தது விண்டோஸ் 7. அதை 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே குரோம் உலாவி கைகழுவிவிட்டது. பயர்பாக்ஸ் மட்டும், ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு மாதாமாதம் மருந்து அனுப்பும் பேரனைப்போல, தன் 115-ஆம் பதிப்புக்கு அதன்பிறகும் இரண்டாண்டுகளுக்கு மேலாகப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. பிற்பாடு கணினி அறிவியல் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் பென்டிரைவில் லினக்ஸ் கொண்டுவந்து போட்டுக்கொடுத்தார். கட்டணம்: கேண்டீனில் ஒரு டீ, இரண்டு பஜ்ஜி.

அந்தக் கணினியில் பயர்பாக்ஸைத் திறந்து படிவத்தை நிரப்பினேன். மூன்றாம் பக்கத்தில் 'அடுத்து' என்ற பொத்தான் அழுந்தவில்லை. பத்து முறை அழுத்தினேன், கெஞ்சினேன், திட்டினேன். பிறகுதான் பக்கத்தின் அடியில், மருந்துச் சீட்டின் எழுத்தைவிடச் சின்னதாக, 'குரோம் உலாவியில் மட்டும் பார்க்கவும்' என்றிருப்பதைக் கண்டேன். மறுநாள் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டியதாயிற்று. ஓ.டி.பி. வருவது அப்பாவின் கைப்பேசிக்கு. அப்பாவின் கைப்பேசி இருப்பது அப்பாவின் சட்டைப்பையில். அப்பா இருப்பது சாரத்தின் மேல். ஆகவே அப்பாவும் வேலைக்குப் போகாமல் என்னுடன் வந்தார். கொத்தனார் கூலி 900 ரூபாய் போயிற்று. சென்டரில் வாங்கியது 60 ரூபாய். எல்லாம் ஒரு பொத்தானுக்கு!

எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர் நின்றார்கள். அந்த வரிசையில் நின்றபடி அப்பாவுக்கு நான் சொன்ன உலாவிப் புராணத்தைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

உலகின் முதல் உலாவியை 1990-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினார். செர்ன் என்பது இயற்பியல் ஆய்வுக்கூடம் என்பதை மேற்படி கணினி அறிவியல் துறையினர் கவனிக்க! 1993 ஏப்ரலில் அந்நிறுவனம், இந்த வலை யாருக்கும் உரிமையான சொத்தன்று, எவரும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் பிறந்தது. மொசைக்கை எழுதியவர்களுள் ஒருவரான மார்க் ஆண்ட்ரீசன் வெளியேறி 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தைத் தொடங்குவதில் பங்குகொண்டார். அந்த உலாவியின் செல்லப்பெயர் மொசில்லா.

ஒவ்வோர் இணையதளத்தின் வாசலிலும் உலாவி தன் பெயரைச் சொல்லியாக வேண்டும். நம் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் பக்கத்தைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் வித்தை நெட்ஸ்கேப்புக்குத் தெரியும். எனவே பல தளங்கள் 'மொசில்லா' என்று குரல் கேட்டால்தான் நல்ல பக்கத்தை அனுப்பின; மற்றவர்களுக்குக் கிடைத்தது மொட்டைப் பக்கம். 1995-இல் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தது. அதற்கும் பிற்பாடு அந்த வித்தை கைவந்தது. ஆனால் பெயர்தான் இடித்தது. என்ன செய்தது தெரியுமா? பேராசிரியர் 'மொசில்லா' என்று கூப்பிட்டதும் எழுந்து நின்று, 'உள்ளேன் ஐயா!' என்றது. வாய்க்குள் மட்டும், 'மொசில்லாவுக்கு ஒத்துப்போகிறவன்' என்று முனகிக்கொண்டது. நம் கல்லூரியில் வராத தோழிக்காகக் குரல் மாற்றிக் கொடுக்கும் பிராக்ஸிக்கு இதைவிடப் பெரிய முன்னோர் கிடையாது!

அதோடு முடிந்ததா? கே.டி.இ. என்ற தன்னார்வலர் கூட்டத்தார் 'கே.எச்.டி.எம்.எல்.' என்ற உலாவி இயந்திரத்தைச் செய்தார்கள். ஆப்பிள் நிறுவனம் அதை எடுத்து வெப்கிட் ஆக்கி, 2003-இல் சபாரியை வெளியிட்டது. கூகுள் அந்த வெப்கிட்டை எடுத்து 2008-இல் குரோமை வெளியிட்டது. 2013-இல் அதிலிருந்தும் பிரிந்து பிளிங்க் என்று தனிக்குடித்தனம் போனது. ஒவ்வொருவரும் முன்னோர் பெயரை விட்டால் வாசலில் மதிப்பிருக்காது என்று பயந்து சேர்த்துக்கொண்டே வந்தார்கள். இன்று குரோம் வாசலில் நின்று சொல்வதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நான் மொசில்லா, நான் ஆப்பிள் வெப்கிட், நான் கே.எச்.டி.எம்.எல்., கெக்கோ மாதிரியானவன், நான் குரோம், நான் சபாரி.' கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா பெயர் அனைத்தும் அச்சிட்டு, மாப்பிள்ளை பெயரை நடுவில் தேட விடுவோமே, அதே கதைதான்!

இதில் ஒரு நுட்பம் உண்டு. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினால் நம் துறையில் கையொப்பம் கிடைக்காது. திறமூல உலகில் பார்த்து எழுதுவது உரிமை. ஆனால் கே.எச்.டி.எம்.எல்.லின் உரிமம் ஒரு நிபந்தனை போட்டது: பார்த்து எழுதித் திருத்தி வெளியிடுகிறவன் தன் திருத்தத்தையும் மற்றவர் பார்க்கக் கொடுக்க வேண்டும். ஆப்பிளும் கொடுத்தது. ஆனால் முதலில் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டதால், எந்தத் திருத்தம் எதற்கு என்று பிரித்துப் பார்க்க முடியாமல் கே.டி.இ. ஆட்கள் நொந்துபோனார்கள். சட்டத்துக்கும் மனசாட்சிக்கும் இடையே ஒரு மூட்டை!

இங்கே அப்பா குறுக்கிட்டார். "ஏம்மா, காசு வாங்காம எழுதிக் குடுத்தா அவங்க சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?"

எங்கள் கணினிப் பட்டறையில் எத்தனையோ பேர் திறமூலத்தின் பெருமை பேசினார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நான் சொன்னேன்: சிலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஓய்வுநேரத்தில் எழுதுகிறார்கள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் 21 வயதுக் கல்லூரி மாணவர். பலருக்குப் பெரிய நிறுவனங்களே சம்பளம் கொடுக்கின்றன. பயர்பாக்ஸை 2004 நவம்பரில் வெளியிட்ட மொசில்லாவின் கதை தனி. நெட்ஸ்கேப் தோற்கும் நிலையில் 1998-இல் தன் நிரலை ஊருக்கே திறந்துவிட்டது. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்ததால் புதுக்குழந்தைக்கு முதலில் பீனிக்ஸ் என்றே பெயர். அப்பெயர் வேறொருவருடையது என்று தகராறு வர, பயர்பேர்ட் ஆயிற்று. அதற்கும் சொந்தக்காரர் வந்தார். மூன்றாவதாகத்தான் பயர்பாக்ஸ். பெயர் வைப்பதற்குள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது. சோறு எங்கிருந்து வருகிறதென்றால், பயர்பாக்ஸில் தேடுபொறியாக கூகுளை முதலில் வைப்பதற்கு கூகுள் தரும் பணம். பயர்பாக்ஸ் வருமானத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு அதுதான் என்று மொசில்லாவின் நிதி அதிகாரியே 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

"அந்த குரோம் யாருது?"

"கூகுளோடது அப்பா."

அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அப்ப பங்காளி வீட்ல சாப்ட்டுட்டு அந்தப் பங்காளியோடயே வரப்புத் தகராறு பண்றானா?"

உண்மையிலேயே அப்படித்தான். கூகுள் தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகம் செய்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அதற்குத் தண்டனையாக இப்படிப் பணம் கொடுப்பதையே தடுக்க வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டபோது, தடுத்தால் நாங்கள் பட்டினி என்று மொசில்லா அலறியது. குரோமையே விற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். உடனே பெர்ப்ளெக்சிட்டி என்ற இளம் நிறுவனம், தன் மொத்த மதிப்பைக் காட்டிலும் அதிகமாக, 3,450 கோடி டாலருக்கு நான் வாங்குகிறேன் என்று 2025 ஆகஸ்டில் கடிதம் கொடுத்தது. சைக்கிள் வைத்திருப்பவர் பஸ் டிப்போவுக்கு விலை கேட்டார்! செப்டம்பரில் நீதிபதி, விற்க வேண்டியதில்லை, பணமும் கொடுக்கலாம், தனியுரிமை ஒப்பந்தம் மட்டும் கூடாது என்றார். டிப்போ தப்பியது.

ஏகபோகம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்புளோரரே சாட்சி. 2001-இல் அதன் 6-ஆம் பதிப்பு வந்தது. உலகில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைத்தான் பயன்படுத்தினர். போட்டியில்லாத ஓட்டப்பந்தயத்தில் யார் ஓடுவார்? அடுத்த பதிப்பு 2006-இல்தான் வந்தது. ஐந்தாண்டுகள், ஒரு பட்டப்படிப்பு முடித்து மேற்படிப்பும் முடிக்கலாம்! பயர்பாக்ஸ் வந்து தூக்கத்தைக் கலைக்காவிட்டால் இன்னும் தூங்கியிருக்கும் என்பது என் துணிபு. 2022 ஜூன் 15-இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். தென்கொரியாவில் வங்கி, அரசுத் தளங்களெல்லாம் நெடுங்காலம் எக்ஸ்புளோரரைத்தான் கேட்டன. அதில் மாட்டி அவதிப்பட்ட பொறியாளர் ஒருவர் கியோங்ஜு நகரில் அதற்குக் கல்லறைக் கல்லே நட்டார். மற்ற உலாவிகளைத் தரவிறக்க நல்ல கருவியாக இருந்தார் என்ற பொருளில் அதில் பொறித்திருந்தார். அந்தப் பொறியாளர் என் உடன்பிறவாச் சகோதரர்.

அந்த நாற்காலியில் இன்று குரோம். உலகில் மூன்றில் இரண்டு பங்கு அதன் கையில். மைக்ரோசாப்டே தன் சொந்த இயந்திரத்தை மூட்டைகட்டிவிட்டு, 2020-இல் குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல் எட்ஜைக் கட்டிக்கொண்டது. குரோமியமும் திறமூலந்தானே, யாரும் பார்க்கலாமே என்று சிலர் வாதிடுவர். இதை அப்பாவிடம் சொன்னபோது, "பிளானை ரோட்டுல போறவன்கூடப் பாக்கலாம்மா. சுவரை எங்க எழுப்பணும்னு ஓனர்தான சொல்றாரு" என்றார். முப்பது வருடம் பிறர் வீட்டைக் கட்டியவர். அவர் சொன்னதை மறுக்க எனக்கு இன்னும் ஒரு வாதம் கிடைக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. சென்டர் அண்ணன் குரோமைத் திறந்தார். பொத்தான் அழுந்தியது. நான்கே நிமிடம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் விதியை நொந்துகொண்டு செமினாருக்குப் படிக்கப் போயிருப்பேன். அடுத்த வாரம் பஜ்ஜி அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் பயர்பாக்ஸில் ஒரு சின்ன நீட்சியைப் போட்டார். வாசலில் பெயர் கேட்டால் 'நான் குரோம்' என்று சொல்ல வைக்கும் நீட்சி. அதே தளம், அதே கணினி, அதே பயர்பாக்ஸ். மாதிரிக்கு ஒரு விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தோம். பொத்தான் வெண்ணெய்போல் அழுந்தியது! அந்தப் பக்கத்தில் பயர்பாக்ஸால் செய்ய முடியாதது எதுவுமே இல்லை. பெயரைக் கேட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். 1996-இல் எக்ஸ்புளோரர் சொன்ன அதே பொய்யை நானும் சொல்லியிருந்தால் அப்பா அன்று சாரத்தின் மேல் நின்றிருப்பார்.

"அப்படியே வச்சுக்கோ, இனிமே பிரச்சினை வராது" என்றார் அண்ணன். யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லி உள்ளே போகிற ஒவ்வொருவரும் அவர்கள் கணக்கில் குரோமாகத்தான் பதிவாவோம். ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்து, பயர்பாக்ஸில் யாருமே வருவதில்லையே, அதற்காக ஏன் வேலை செய்ய வேண்டும் என்பார்கள். பிராக்ஸி கொடுத்தே வராதவளை வகுப்பில் முதலாவதாக்கிவிட்ட கதைதான். நீட்சியை எடுத்துவிட்டேன். (அடுத்த ஆண்டு கடைசி நாள் இரவில் இந்த வீரம் இருக்குமா என்று கேட்காதீர்கள்.)

நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்திலும் ஒவ்வொரு கணினியிலும் இரண்டு உலாவியாவது இருக்க வேண்டும் என்று முதல்வர் அவர்களை இவ்விதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. கணினி அறிவியல் தோழியர், தாங்கள் புராஜெக்டாகச் செய்யும் தளங்களை இரண்டிலும் திறந்து பார்த்துவிட்டு ஒப்படையுங்கள். உங்கள் தளத்தின் பொத்தானை அழுத்தப்போகிற யாரோ ஒருத்தியின் அப்பா அன்று சாரத்திலிருந்து இறங்கி வர நேரலாம்.

உதவித்தொகைத் தளத்தின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் எழுதினேன். பயர்பாக்ஸில் பொத்தான் அழுந்தவில்லை, பெயர் கேட்பதை நிறுத்தினாலே போதும், சோதித்துப் பார்த்துவிட்டேன் என்று ஒன்றரைப் பக்கம். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஒரே வரி: 'குரோம் உலாவியில் முயலவும்.'

மறுபடியும் எழுதியிருக்கிறேன். இம்முறை 900-ஐயும் 60-ஐயும் கூட்டி, மொத்தத்தையும் போட்டு.