ஆசிரியப் பள்ளி சர்வகலாசாலையான வரலாறு

நம் சங்கத்து அன்பர்கள் பிள்ளைகளின் மேற்படிப்பைக் குறித்துப் பேசுங்கால், "வேறொன்றும் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பயிற்சிக்காவது அனுப்பலாம்" என்று கூறக் கேட்டிருக்கிறோம். அந்த 'ஆவது' என்னும் இடைச்சொல் நம்மைச் சற்றே உறுத்துகிறது. ஆதலின் இம்மாதம் ஒரு சர்வகலாசாலையின் பூர்வாசிரமத்தை எழுதத் துணிந்தோம்.

அமெரிக்க நாட்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியா சர்வகலாசாலையை, 'யூ.சி.எல்.ஏ.' என்ற சுருக்கப் பெயரால் இன்று உலகம் அறியும். 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஆரஞ்சுத் தோப்பாக இருந்த நிலத்தில் அது திறக்கப்பெற்ற பொழுது, ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றும் 'நார்மல்' பள்ளியின் கிளையாகவே இருந்தது. தாய்ப்பள்ளி வடக்கே சான் ஹோசே நகரில் இருந்தது. 'நார்மல்' என்பது பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த வழக்கு. கற்பிக்கும் முறைக்கு முன்மாதிரி காட்டும் பள்ளி என்பது அதன் கருத்து. சென்னை இராஜதானியிலும் அப்பெயர் வழங்கிற்று. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் 1856இல் நார்மல் பள்ளியாய்த் தொடங்கியதே.

பாடம் நடத்திப் பழகச் சிறுவர் வேண்டுமன்றோ? ஆதலின் அங்கே குழந்தைகளுக்கெனச் செயல்முறைப் பள்ளி ஒன்றும் உடன் நடைபெற்றது. பயின்றோரிற் பெரும்பாலார் பெண்மணிகள்.

நகரமோ விரைந்து பெருகியது. 1920ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் சான் பிரான்சிஸ்கோவையும் விஞ்சிவிட்டது. ஆயினும் அரசாங்க சர்வகலாசாலை ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பால், பெர்க்கிலியில் இருந்தது. பிள்ளையை அத்துணைத் தொலைவில் விடுதியிலமர்த்திப் படிக்க வைக்கும் செலவையும் கவலையையும், ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. தெற்கிலும் ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்ற குரலுக்கு வடக்கத்தியார் எளிதில் இசைந்தாரல்லர்.

1917இல் நார்மல் பள்ளியின் தலைமையை ஏற்ற எர்னஸ்ட் கரோல் மூர் என்பாரும், சர்வகலாசாலையின் ஆட்சிக் குழுவில் இருந்த பத்திரிகையாளர் எட்வர்ட் டிக்சனும் கலந்து ஒரு வழி கண்டனர். புதிதாக ஒன்றைக் கட்டுவானேன்? நிலமும் கட்டடமும் ஆசிரியரும் மாணவரும் ஏற்கெனவே உள்ள பயிற்சிப் பள்ளியைச் சர்வகலாசாலையிடம் ஒப்படைத்துவிடலாமே என்பதே அவ்வழி. 1919 மே 23ஆம் நாள் ஆளுநர் ஸ்டீபன்ஸ் அதற்கான சட்டத்திற் கையொப்பமிட்டார். பள்ளி 'தென் கிளை' என்னும் பெயர் பெற்றது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வகுப்புகள் தொடங்கிய பொழுது கலை, விஞ்ஞானப் பாடங்களுக்குச் சேர்ந்தோர் சுமார் 250 பேர். ஆசிரியர் பயிற்சிக்கு வந்தோரோ சுமார் 1,250 பேர். இவ்விரண்டு எண்களையும் நேயர்கள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். சர்வகலாசாலை என்ற பெயரைத் தொடக்கத்தில் தோளிற் சுமந்தவர்கள், 'ஆவது' என்று நாம் தள்ளும் படிப்பை நாடி வந்தவர்களே.

முதலில் ஈராண்டுப் படிப்பே அனுமதிக்கப்பட்டது. கிளையென்றுகூடச் சொல்ல மனமில்லாமல் 'சுள்ளி' என்று எள்ளியவர்களும் உண்டு. எனினும் 1925இல் கலைப் பட்டதாரிகள் முதன்முதலாக வெளிவந்தனர். 1927இல் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெயரும், 1929இல் வெஸ்ட்வுட் பகுதியிற் புதிய வளாகமும் வாய்த்தன. 1930களில் முதுகலையும் டாக்டர் பட்டமும் வந்தன.

வளர்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. பட்டங்கள் பெருகப் பெருக, ஆசிரியர் பயிற்சி வீட்டின் நடுக்கூடத்திலிருந்து ஓர் அறைக்கு ஒதுங்கிற்று. பல துறைகளுள் ஒன்றாயிற்று. இதனை நாம் முழு நன்மையென்று கூறமாட்டோம். மருத்துவமும் பொறியியலும் வந்தபின், மூத்தவளை மறந்த குடும்பம் போலவே அது நமக்குத் தோன்றுகிறது. ஆரஞ்சுத் தோப்பிருந்த அவ்விடத்தில் 1926 முதல் நகரத்து மைய நூலகம் நிற்கிறது. சிறுவர்க்கான அந்தச் செயல்முறைப் பள்ளி மட்டும், பெயரும் இடமும் பன்முறை மாறி, சர்வகலாசாலையின் வளாகத்திலேயே இன்றும் நடந்து வருகிறது.