பருப்பில் தன்னிறைவு: விதை மட்டும் போதுமா?

புது தில்லி: பருப்பு வகைகளில் நாடு தன்னிறைவு அடைவதற்கான ரூ.11,440 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 அக்டோபர் 1-ம் தேதி ஒப்புதல் அளித்தது. 2023-24-ல் 242 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தியை 2030-31-ல் 350 லட்சம் டன்னாக உயர்த்துவது இதன் இலக்கு. அதற்கு, சாகுபடிப் பரப்பு 275 லட்சம் ஹெக்டேரிலிருந்து 310 லட்சம் ஹெக்டேராகவும், ஹெக்டேருக்குச் சராசரி விளைச்சல் சுமார் 880 கிலோவிலிருந்து 1,130 கிலோவாகவும் உயர வேண்டும்.

உலகிலேயே மிக அதிகமாகப் பருப்பு விளைவிக்கும் நாடு இந்தியா. ஆயினும் 2024-25-ல் 70 லட்சம் டன்னுக்கும் அதிகமாக இறக்குமதி செய்ய நேர்ந்தது. எனவே இலக்கில் தவறில்லை. ஆனால், நல்ல விதை கிடைத்தால் சிறு விவசாயி பருப்புக்குத் திரும்பிவிடுவார் என்று நம்புவதுதான் கேள்விக்குரியது.

ஆய்வும் வயலும்: ஆராய்ச்சியில் குறை சொல்ல இடமில்லை. வாடல் நோயைத் தாங்கும் "மாருதி' துவரை 1980-களிலேயே வந்துவிட்டது. ஹைதராபாத் அருகே படான்சேருவில் உள்ள சர்வதேச வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட்டின் முயற்சியில், காட்டுத் துவரை இனத்தின் துணையுடன் உருவான வீரிய ஒட்டு ரகம் 2010-ல் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்டது. துவரையின் மரபணு வரிசை 2011-ல் வெளியானது.

ஆய்வுப் பண்ணைகளில் ஹெக்டேருக்கு இரண்டு டன்னுக்கு மேல் காணும் துவரை, தேசிய சராசரியில் ஒரு டன்னைக்கூட எட்டியதில்லை. பெரும்பகுதி மானாவாரி நிலம். காய்ப்புழுவின் தாக்குதல் வேறு. தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நிகழ்வதால், விவசாயி எடுத்துவைக்கும் விதை சில ஆண்டுகளிலேயே தரம் குன்றிவிடுகிறது. வீரிய ஒட்டு ரகமோ ஆண்டுதோறும் புது விதை வாங்கவைக்கிறது.

ஆந்திரப் பாடம்: விதை வென்ற இடமும் உண்டு. இக்ரிசாட்டும் ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய "ஜேஜி 11' கொண்டைக்கடலை 1999-ல் வெளியானது. சுமார் 100 நாள்களில் விளையும் இந்த ரகம், கர்நூல், பிரகாசம் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் வேகமாகப் பரவியது. ஆனால் 2013, 2014-ம் ஆண்டுகளில் விலை சரிந்தபோது, விற்க முடியாத கடலை குளிர்பதனக் கிடங்குகளில் மூட்டை மூட்டையாகத் தேங்கியது. அதே விதை, அதே மண். மாறியது விலை மட்டுமே.

2015-ல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, அரசின் அழைப்பை ஏற்று விவசாயிகள் பருப்பைப் பெருமளவில் பயிரிட்டனர். 2016-17-ல் உற்பத்தி சாதனை அளவாக 231 லட்சம் டன்னை எட்டியது. பலன்? சந்தையில் துவரை விலை, ஆதரவு விலையான குவிண்டாலுக்கு ரூ.5,050-க்கும் கீழே இறங்கியது.

முரண்படும் கொள்கை: 2021 மே மாதம் துவரை இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கான வரி நீக்கப்பட்டது. மலிவான பட்டாணி, கொண்டைக்கடலையின் சந்தையைப் பறித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 1 முதல்தான் பட்டாணிக்கு 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. நகர நுகர்வோரின் விலைவாசிக் கவலைக்கு உடனே செவிசாய்க்கும் தில்லி, விவசாயியின் விலைக் கவலைக்கு மெதுவாகவே அசைகிறது.

துவரை, உளுந்து, மசூர் பருப்பை நான்கு ஆண்டுகளுக்கு ஆதரவு விலையில் முழுமையாகக் கொள்முதல் செய்வதாகப் புதிய திட்டம் உறுதியளிப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் நாட்டில் மிக அதிகம் விளையும் கொண்டைக்கடலைக்கு அந்த உறுதி இல்லை. பதிவு செய்த விவசாயிகளிடமே கொள்முதல் என்பதால், பட்டா இல்லாத குத்தகைதாரர் விடுபடும் அபாயமும் உள்ளது.

நடுத்தர வயதுத் துவரை விளைய ஆறு மாதங்கள் வரை ஆகும். அதற்குள் தில்லியிலிருந்து ஓர் இறக்குமதி அறிவிக்கை வந்தாலே விவசாயியின் கணக்குப் பொய்த்துவிடும். விதைப்புக்கு முன்பே இறக்குமதிக் கொள்கையை அறிவித்து, அறுவடை முடியும்வரை மாற்றாமல் இருப்பதே இத்திட்டத்துக்கு அரசு செய்யக்கூடிய பேருதவி. அதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. உறுதி இருந்தால் போதும்.