டர்போ காரில் ஸ்டட் ஏன் முறிகிறது?

டர்போ காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஸ்டட் முறிந்தால், அதைவிட வலுவான ஸ்டட்டை வாங்கிப் போடலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும். அது பயன் தருமா என்பதை அறிய, முறிவு எப்படி நேர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் சூடான வாயுவைத் திரட்டி டர்போவுக்கு அனுப்பும் குழாய்த் தொகுதியே மேனிஃபோல்டு. இரு முனைகளிலும் மரை வெட்டிய, தலையில்லாத போல்ட்டுதான் ஸ்டட். அதன் ஒரு முனை அலுமினிய சிலிண்டர் ஹெட்டுக்குள் இறங்கியிருக்கும். மறுமுனையில் நட் போட்டு மேனிஃபோல்டை இறுக்குவார்கள்.

நட்டை இறுக்கும்போது ஸ்டட் சற்றே நீள்கிறது. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குட்டை ஸ்டட்டில் இந்த நீட்சி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவது அரிது. நீண்ட உலோகம் பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுவிசைதான் மேனிஃபோல்டை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிறது. அது குறைந்தால், ஸ்டட் முறியும் முன்பே மூட்டு தளர்ந்துவிடும்.

இழுவிசைக்கு முதல் எதிரி வெப்பம். பெட்ரோல் டர்போ எஞ்சினில் வெளியேறும் வாயு 900 டிகிரி செல்சியஸையும் தாண்டக்கூடும். இந்த வாயுவால் சூடேறும் சாதாரண எஃகு ஸ்டட் மெல்லத் தொய்ந்து, பிடியை இழக்கிறது.

இரண்டாவது, சமமற்ற விரிவு. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் வெப்பநிலை 500 டிகிரி உயர்ந்தால், அது சுமார் 2.4 மில்லிமீட்டர் நீளும். குளிர்விக்கும் நீர் ஓடும் ஹெட்டின் வெப்பநிலை 80 டிகிரி உயர்ந்தால், அதே தொலைவில் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் நீளும். இந்த வேறுபாடு இரு ஓரங்களில் உள்ள ஸ்டட்டுகளையே அதிகம் வளைக்கிறது. ஓரத் துளைகளைச் சற்றுப் பெரிதாக விடுவது இதற்காகத்தான்.

மூன்றாவது, டர்போவின் எடையும் அதிர்வும். மூட்டு இறுக்கமாக இருக்கும்வரை அதிர்வில் பெரும்பகுதி ஸ்டட்டைத் தொடுவதில்லை. தளர்ந்தபின் ஒவ்வோர் அதிர்வும் ஸ்டட்டை வளைக்கிறது. திரும்பத் திரும்ப வளைந்த உலோகம் சோர்ந்து முறிகிறது.

இனி மாற்று ஸ்டட்டுக்கு வருவோம். போல்ட்டில் பொறித்திருக்கும் 8.8, 10.9 ஆகிய எண்கள் சாதாரண வெப்பநிலையில் உள்ள வலிமையையே குறிக்கின்றன. வெப்பம் ஏற ஏற அந்த வலிமை குறைகிறது. ஆகவே எண் உயர்ந்த போல்ட்டால் மட்டும் சிக்கல் தீராது. சாதாரண துருப்பிடிக்காத எஃகும் இங்கே பொருந்தாது. அது வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிவதால், சூடானதும் இழுவிசை மேலும் குறையும்.

இன்கோனல் 718 என்ற நிக்கல் கலப்புலோகம் 650 டிகிரி வரை வலிமையைப் பெரிதும் தக்கவைக்கும். அதன் விரிவும் வார்ப்பிரும்பின் விரிவுக்கு நெருக்கமானது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் டர்போ சேர்த்துப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள், டர்போவை மேனிஃபோல்டோடு இணைக்கும், அடிக்கடி தளரும் ஸ்டட்டுகளுக்குப் பதிலாக இதையே நாடுகிறார்கள். ஆனால் விலை அதிகம்.

எந்த ஸ்டட் ஆனாலும் பொருத்தும் முறை முக்கியம். மேனிஃபோல்டின் முகம் கோணியிருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டும்; கோணியிருந்தால் லேத் பட்டறையில் சமப்படுத்த வேண்டும். ஸ்டட்டை அலுமினியத்துக்குள் முரட்டுத்தனமாக முறுக்கக் கூடாது. நைலான் வளையமுள்ள நட்டில் அந்த வளையம் உருகிவிடும். முழு உலோகப் பூட்டு நட்டே வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குமானியால் இறுக்க வேண்டும். டர்போவின் எடையைத் தாங்கும் பிராக்கெட் இருந்தால் அதைக் கழற்றிப் போட்டுவிடக் கூடாது.

அன்றாடச் சாலையில் ஓடும் காருக்கு, தயாரிப்பாளரின் புதிய ஸ்டட்டும் நட்டும், மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே வைக்கும் கேஸ்கெட்டும் பெரும்பாலும் போதும். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்கும் தடத்தில் நெடுநேரம் ஓட்டுபவர்களுக்கும் இன்கோனலுக்குக் கொடுக்கும் விலை தகும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது டிக் டிக் என்று ஒலி கேட்டாலோ, கேஸ்கெட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ உடனே பரிசோதியுங்கள். தளர்ந்த நட்டைச் சரிசெய்வது எளிது. ஹெட்டுக்குள் முறிந்து நிற்கும் ஸ்டட்டை எடுப்பது கடினம்.