உளியும் ஊதியமும்

கல் செதுக்கக் கற்றவனுக்கு உளி வேண்டும். உளி வாங்கப் பொருள் வேண்டும். பொருள் ஈட்டப் பணி வேண்டும். பணி கிடைக்கவோ, முன்னரே செதுக்கிய சிலையொன்றைக் காட்ட வேண்டும்! இவ்வட்டத்துள் சிக்கித் தவிப்போர் இன்றைய இளம் கணினி நிரலர் ஆவர்.

எம்மிடம் பகுதி ஒன்றில் தமிழ் பயின்ற கணினி அறிவியல் மாணவர் ஒருவர், பட்டம் பெற்ற ஆறாம் திங்களில் எம்மைக் காண வந்தார். பணி அமையவில்லை. மாணவர் என்பதால் இலவசமாகப் பெற்றிருந்த மென்பொருள்களின் உரிமமும் முடிந்துவிட்டது. "ஐயா, பூட்டுடைத்த படியொன்றை நண்பர் தருகிறார்; பயன்படுத்தலாமா?" என வினவினார். தமிழாசிரியரிடம் கேட்கும் வினாவா இது? ஆம், அறம் பற்றிய வினா அன்றோ!

1976ஆம் ஆண்டிலேயே பில் கேட்ஸ், தம் மென்பொருளை விலையின்றிப் படியெடுத்தோரைக் கடிந்து திறந்த மடல் எழுதினார். பிறர் உழைப்புக்கு விலை தர மறுப்பவர், நாளை தம் உழைப்புக்கு விலை கேட்பது எங்ஙனம்? எனவே களவு களவே என்றோம். ஆயின், "வேண்டாம்" என்று சொல்வதோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடுமா?

வேறு வழியும் உண்டு. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள குனு திட்டத்தை அறிவித்தார். அதன் கம்பைலராகிய ஜிசிசி 1987இல் வெளிவந்தது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தவணையில் வாங்கிய கணினியில் லினக்ஸை உருவாக்கியபோது அவருக்குக் கைகொடுத்தது அந்த ஜிசிசியே. பொருளற்றவர்க்கு உதவிய கருவி, உலகுக்கே ஒரு கருவியை ஈன்றது.

"நிறுவனங்கள் விலையுள்ள கருவிகளின் பெயரையே கேட்கின்றனவே" என்பர் சிலர். உண்மையே. எனினும் ஒரு கருவியில் தேர்ந்தவர் மற்றொன்றைப் பழகுதல் அரிதன்று. கைத்திறன் நிலைத்தது, கருவியின் பெயர் மாறுவது.

ஆகவே, நம் ஆய்வகங்கள் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே முதற்பாடம் தொடங்குதல் வேண்டும். உரிமம் பெற்ற கருவி அடுத்து வரட்டும். பட்டமளிப்பு நாளில் மாணவர் கையிலிருந்து உளியைத் திரும்பப் பெறும் கல்வி முழுமையான கல்வியாகாது என்பது எமது துணிபு.

அம்மாணவர்க்கு இன்னும் பணி அமையவில்லை. ஆயினும் விலையில்லாக் கருவிகளால் தாமே எழுதிய நிரலொன்றைச் சென்ற திங்கள் எமக்குக் காட்டினார். காட்டுவதற்கு இப்போது அவரிடம் ஒரு சிலை உண்டு.